கரமனைக்காரரின் கணக்கு

கோடிக்கணக்கான காலக்ஸிகளை அளந்து பிரபஞ்சத்தின் எடை, வயது, எதிர்காலம் மூன்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கணக்கில் ஒரு எண் மட்டும் மாறாதது என்று கடைசி வரை நம்பினார் திருவனந்தபுரத்துத் தாணு பத்மநாபன். அந்த நம்பிக்கைக்கு இப்போது சோதனைக் காலம்.

நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் பாலராமபுரம், நேமம் கடந்து ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறினால் கரமனை. மலையாளப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே தமிழ்க் குரல் கேட்கும் இடம். அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். திருவனந்தபுரம் நகரின் தெற்கு வாசல் என்று சொல்லலாம்.

அப்படி ஒரு குடும்பத்தில் 1957 மார்ச் 10-ஆம் தேதி பிறந்தவர் பத்மநாபன். கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடும், மீதித் திருவிதாங்கூர் கேரளத்தோடும் பிரிந்து போய் அப்போது நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமே ஆகியிருந்தது. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அவர் பெயரிலேயே இருந்தன. தாணு என்பது தந்தையின் பெயர், சுசீந்திரம் தாணுமாலயனை நினைவூட்டுவது. பத்மநாபன் திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பெருமாள்.

கரமனை அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்த அந்தப் பையன், பின்னாளில் உலகப் பிரபஞ்சவியல் ஆய்வாளர்கள் மேசையில் வைத்துக்கொள்ளும் பாடநூல்களை எழுதினார். பத்மஸ்ரீ பெற்றார். 2021 செப்டம்பர் 17 அன்று புனேயில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 64. சுமார் 300 ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் இருந்தன. கூடவே, முடிவு தெரியாத ஒரு பந்தயமும் இருந்தது.

பந்தயம் ஒரு எண்ணைப் பற்றியது. பிரபஞ்சம் எப்படி முடியும் என்பதைச் சொல்லும் எண் அது.

அடுப்பும் தெருவும்

பிரபஞ்சத்தை அளப்பது என்றால் என்ன? அதை வெளியே நின்று பார்க்க முடியாது. தராசில் வைக்க முடியாது. இருப்பதெல்லாம் வானத்தில் தெரியும் ஒளிப் புள்ளிகள்தான்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. மாசி மாதம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பொங்காலை நடக்கும்போது, கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெருவெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். மேலிருந்து பார்க்கும் ஒருவருக்குத் தெருக்கள் தெரியவில்லை, அடுப்பு நெருப்பு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெருப்புப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே போனால் போதும். எங்கே தெரு, எங்கே சந்திப்பு, எங்கே கட்டிடம் மறிக்கிறது என்று நகரத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

காலக்ஸிகள்தான் அந்த அடுப்புகள். ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். அவை வானத்தில் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத 'இருண்ட பொருள்' எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் அவை எரிகின்றன. எனவே காலக்ஸிகளின் இருப்பிடத்தைக் குறித்தால் கண்ணுக்குத் தெரியாத தெருக்களின் வரைபடம் கிடைக்கும்.

ஆனால் வானம் ஒரு திரை மாதிரி. பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே திரையில் ஒட்டியது போலத் தெரியும். தூரம் தெரிய வேண்டுமானால் காலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். பிரபஞ்சம் விரிவதால், தூரத்துக் காலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு தூரமோ அவ்வளவு நகர்வு. எட்வின் ஹபிள் 1929-ல் காட்டிய இந்த உறவுதான் இன்று வரை அடிப்படை.

இதை ஒவ்வொரு காலக்ஸிக்கும் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 1986-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு குழு ஒன்று சுமார் 1,100 காலக்ஸிகளைக் குறித்து ஒரு படம் வெளியிட்டது. காலக்ஸிகள் சுவர்களாகவும் இழைகளாகவும் அடுக்கியிருந்தன. நடுவே பிரமாண்டமான வெற்றிடங்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த கணக்கெடுப்பு 2002-ல் முடிந்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட காலக்ஸிகள் பட்டியலில் இருந்தன. 2000-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையில் ஸ்லோன் கணக்கெடுப்பு தொடங்கியது. வட்ட வடிவ அலுமினியத் தகடு ஒன்றில் காலக்ஸி தெரியும் இடமெல்லாம் துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடி இழை. தகட்டுக்கு 640 இழைகளைப் பகலில் ஊழியர்கள் கையால் செருகுவார்கள். இரவில் தொலைநோக்கி 640 காலக்ஸிகளை ஒரே நேரத்தில் படிக்கும். பூக்கட்டுகிற மாதிரியான இந்தக் கைவேலையில்தான் நவீனப் பிரபஞ்சவியல் எழுந்தது.

உறைந்து போன ஒலி

வரைபடம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து எண்கள் எப்படி வரும்?

அதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். ஓர் அடி ஸ்கேலைத் தூரத்தில் பிடித்தால் சிறிதாகத் தெரியும். அதன் உண்மை நீளம் நமக்குத் தெரியும் என்பதால், எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். வானத்தில் அப்படி ஒரு ஸ்கேலை யார் வைத்தார்கள்?

ஆதிப் பிரபஞ்சமே வைத்தது. பெருவெடிப்புக்குப் பின் முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் கொதிக்கும் கூழாக இருந்தது. பொருளும் ஒளியும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. அந்தக் கூழில் எங்கெல்லாம் சிறு அடர்த்தி இருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஒலி அலை வட்டமாகக் கிளம்பியது. தெப்பக்குளத்தில் மழைத் துளிகள் விழுந்தால் வளையம் வளையமாக அலை பரவுவது போல. பிறகு பிரபஞ்சம் குளிர்ந்தது. ஒளி விடுபட்டுப் போனது. அலை நின்ற இடத்திலேயே உறைந்தது.

அந்த வளையத்தின் ஆரம், பிரபஞ்சத்தோடு சேர்ந்து விரிந்து, இன்று சுமார் 49 கோடி ஒளி ஆண்டு. அந்த வளைய விளிம்புகளில் காலக்ஸிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தன. கொஞ்சம் என்றால் சுமார் நூற்றில் ஒரு பங்கு. ஒரு காலக்ஸியிலிருந்து 49 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இன்னொரு காலக்ஸி இருக்கும் வாய்ப்பு, சராசரியை விட அவ்வளவு அதிகம். ஆயிரம் காலக்ஸிகளை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. பல்லாயிரம் வேண்டும். 2005-ல் ஸ்லோன் குழு 46,748 காலக்ஸிகளை ஜோடி ஜோடியாக எண்ணிப் பார்த்து அந்த மேட்டைக் கண்டுபிடித்தது. அதே சமயத்தில் ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பிலும் அது தெரிந்தது.

அளவுகோல் கையில் வந்ததும் மற்றவை தொடர்ந்தன. வெவ்வேறு தூரங்களில் அந்த வளையம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தால், எந்தக் காலத்தில் பிரபஞ்சம் எந்த வேகத்தில் விரிந்தது என்பது தெரியும். வேகம் தெரிந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது தெரியும். பொருள் அதிகமென்றால் ஈர்ப்பு விரிவைக் கட்டுப்படுத்தியிருக்கும். வெளியையே விரியத் தள்ளும் ஏதோ ஒன்று இருந்தால் வேகம் கூடியிருக்கும்.

பிளாங்க் விண்கலம் ஆதி ஒளியை ஆராய்ந்து தந்த எண்களையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு இது: பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. நாமும் நட்சத்திரங்களும் ஆன சாதாரணப் பொருள் நூற்றுக்கு 5 பங்கு. இருண்ட பொருள் சுமார் 27 பங்கு. மீதி 68 பங்கு, விரிவைத் துரிதப்படுத்தும் 'இருண்ட சக்தி'.

கணக்கில் கோளாறு இல்லாமலும் இல்லை. இன்றைய விரிவு வேகம் பிளாங்க் கணக்குப்படி 67.4. வெடிக்கும் நட்சத்திரங்களை வைத்து நேரடியாக அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 73. இரண்டு தரப்பும் தங்கள் அளவில் உறுதியாக இருக்கின்றன. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

மாறாத எண்

ஆனால் பெரிய வழக்கு இருண்ட சக்தியைப் பற்றியது. பத்மநாபன் ஆஜரானது இதில்தான்.

1998-ல் இரண்டு குழுக்கள் வெடிக்கும் நட்சத்திரங்களை ஆராய்ந்து, பிரபஞ்ச விரிவு வேகம் குறையவில்லை, கூடுகிறது என்று அறிவித்தன. 2011-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை விளக்க ஐன்ஸ்டைன் 1917-லேயே ஒரு சரக்கு வைத்திருந்தார். தன் சமன்பாட்டில் 'பிரபஞ்ச மாறிலி' என்று ஒரு உறுப்பைச் சேர்த்து, பிறகு வேண்டாமென்று கைவிட்டிருந்தார். எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் மாறாத ஒரு தள்ளு விசை. அதைத் திரும்ப எடுத்துப் பொருத்தினால் கணக்கு சரியாக வருகிறது.

சிக்கல் அதன் அளவில். வெற்றிடத்துக்கும் ஒரு சக்தி உண்டு என்கிறது குவாண்டம் இயற்பியல். அதைச் சாதாரணமாகக் கணக்கிட்டால் வரும் விடையை விட, வானத்தில் அளந்து கிடைப்பது நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. எவ்வளவு? 1-க்குப் பின்னால் சுமார் 120 பூஜ்யங்கள் போட்டு அதால் வகுக்க வேண்டும். இயற்பியலின் சரித்திரத்தில் இவ்வளவு மோசமாகத் தோற்ற கணக்கு வேறு இல்லை என்று பாடப் புத்தகங்களே ஒப்புக்கொள்கின்றன.

இதைத் தன் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டார் பத்மநாபன். அதற்கு வந்த பாதையும் சுவாரசியமானது. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கும்போதே, 20 வயதில், பொதுச் சார்பியலில் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். 1979-ல் எம்.எஸ்ஸி. முடித்தார். இரண்டு பட்டத்திலும் தங்கப் பதக்கம். அங்கிருந்து பம்பாய் டாடா ஆதார ஆய்வு நிலையம். வழிகாட்டி ஜெயந்த் நார்லிகர். பெருவெடிப்புக் கொள்கையையே ஏற்காதவர் நார்லிகர். அவரிடம் பயின்ற பத்மநாபனோ, பெருவெடிப்புப் பிரபஞ்சத்தில் காலக்ஸிகள் எப்படி உருவாயின என்பதற்கு 1993-ல் ஒரு பாடநூலே எழுதினார். குருவின் கொள்கையைச் சீடர் பின்பற்ற வேண்டியதில்லை என்பதில் குருவுக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. நார்லிகர் நிறுவிய அயூகா மையத்துக்கே 1992-ல் வந்து சேர்ந்தார் சீடர். கடைசி வரை புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அந்த மையம்தான் அவர் களம்.

நட்சத்திரத் தரவுகளையும் அவர் சும்மா விடவில்லை. 2003-ல் தன் மாணவர் தீர்த்தங்கர் ராய் சௌத்ரியோடு சேர்ந்து, வெடிக்கும் நட்சத்திரங்களின் தரவு இருண்ட சக்தியைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஒரு கட்டுரை எழுதினார். 'கோட்பாட்டாளர் ஒருவரின் பகுப்பாய்வு' என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. தரவு தாங்கக்கூடிய பாரத்துக்கு மேல் அதன் மீது முடிவுகளை ஏற்றக் கூடாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு பிரபஞ்ச மாறிலி பற்றி அவர் எழுதிய நீண்ட மதிப்பாய்வுக் கட்டுரை, இத்துறையில் நுழைகிற மாணவர்கள் இன்றும் தேடிப் படிப்பது.

பிறகு அவர் எடுத்தது துணிச்சலான திருப்பம். ஈர்ப்பு விசை அடிப்படை விசையே அல்ல என்றார். தண்ணீரில் தனித்தனி மூலக்கூறுகள் துள்ளுவதைத்தான் நாம் மொத்தமாக 'வெப்பம்' என்கிறோம். அதுபோல வெளிக்கும் காலத்துக்கும் நமக்குத் தெரியாத 'அணுக்கள்' உண்டு, அவற்றின் மொத்த நடத்தையே ஈர்ப்பு என்பது அவர் கட்சி. இந்தப் பார்வையில் வெற்றிடத்தின் மொத்த சக்தியை ஈர்ப்பு கண்டுகொள்வதே இல்லை. 120 பூஜ்யச் சிக்கல் எழுவதும் இல்லை. பிரபஞ்ச மாறிலி தனியாக, வேறொரு காரணத்தால் வருகிறது.

அந்தக் காரணம் என்ன? விடை தேடியபோது கூட இருந்தவர் அவர் மகள் ஹம்சா பத்மநாபன். அவரும் பிரபஞ்சவியல் ஆய்வாளர். பிறகு ஜெனீவா பல்கலைக்கழகம் வரை சென்றவர். தாய் வசந்தியும் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்பாவும் பெண்ணும் 2013-லும் 2017-லும் வெளியிட்ட கட்டுரைகளில் 'பிரபஞ்சத் தகவல்' என்று ஒரு அளவை முன்வைத்தார்கள்.

அதன் சாரம் இது. பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் ஒரு துரித விரிவு நடந்தது. இப்போது மறுபடி ஒரு துரித விரிவு தொடங்கியிருக்கிறது. நடுவே நிதானமான காலம். அந்த நடுக் காலத்தில் ஒரு பார்வையாளரின் எல்லைக்குள் வந்து சேரும் அலைகளை எண்ணலாம். மாறிலி பூஜ்யமாக இருந்தால் நிதானம் முடிவதே இல்லை, எண்ணிக்கையும் முடிவில்லாமல் போகும். மாறிலி இருந்தால் அது ஒரு திட்டமான எண். எனவே அந்த எண் தெரிந்தால் மாறிலியும் தெரியும். அந்த எண் 4 பை, அதாவது சுமார் 12.57, என்றார்கள் இருவரும். அடிப்படை அளவிலான ஒரு கோளத்தின் பரப்பு அது. கணக்கு மடக்கையில் நடப்பதால், 12.57 போன்ற சிறு எண்ணிலிருந்தே வானத்தில் அளந்த அந்த விபரீதமான சிற்றெண் வந்து விழுகிறது.

அழகான கணக்கு. ஆனால் அந்த எண் ஏன் 4 பை-யாக இருக்க வேண்டும் என்பது ஒரு யூகம். முழுமையான கோட்பாட்டிலிருந்து வருவித்தது அல்ல. விஞ்ஞான உலகம் அதை இன்னும் பொது முடிவாக ஏற்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. தோற்பதற்கு அது வழி வைத்திருந்தது. மாறிலி என்பது உண்மையிலேயே மாறாததாக இருக்க வேண்டும். மாறினால் கணக்கு கவிழும்.

அரிசோனாவின் 5,000 விரல்கள்

2021-ல், பத்மநாபன் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து மலை ஒன்றில் டெசி என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. இங்கே கையால் இழை செருகும் வேலை இல்லை. 4 மீட்டர் தொலைநோக்கியின் முனையில் 5,000 சிறு ரோபாட் விரல்கள். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி இழையைத் தனக்குரிய காலக்ஸிக்கு நேராகத் தானே திருப்பிக்கொள்ளும்.

2024 ஏப்ரலில் முதலாண்டு முடிவுகள் வந்தன. 2025 மார்ச்சில் மூன்றாண்டுத் தரவு வந்தது. 1.4 கோடிக்கும் மேற்பட்ட காலக்ஸிகளும் குவாசர்களும். அந்த உறைந்த ஒலி வளையத்தை ஏழு வெவ்வேறு தூர அடுக்குகளில், இதுவரை இல்லாத துல்லியத்தில் அளந்திருந்தார்கள்.

டெசியின் அளவுகளைத் தனியாகப் பார்த்தால் மாறிலிக்கு ஆபத்தில்லை. பிளாங்க் தரவையும் வெடிக்கும் நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் முரண்பாடு தலைகாட்டியது. இருண்ட சக்தி மாறாதது என்று வைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. அதன் வலு காலப்போக்கில் மெல்லக் குறைந்துவருகிறது என்று வைத்தால் நன்றாகப் பொருந்துகின்றன.

எவ்வளவு நிச்சயம்? எந்த நட்சத்திரத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் கோடு 5 சிக்மா. அதாவது தற்செயலாக நேர்ந்திருக்க சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அந்தக் கோடு இன்னும் தாண்டப்படவில்லை. மூன்று சிக்மாவில் எழும்பி, கூடுதல் தரவு வந்ததும் கரைந்துபோன பரபரப்புகளை இத்துறை நிறையப் பார்த்திருக்கிறது. எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு ஆடுவதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

அயூகாவுக்கு இது புதிய சந்தேகமும் அல்ல. பத்மநாபன் மாறிலியை நிலைநாட்டக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே மையத்தில்தான் வருண் சாஹ்னியும் இருந்தார். அவரும் அயூகாவில் பயின்ற அர்மான் ஷஃபீலூவும் ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கியும் 2014-லேயே, ஒலி வளைய அளவுகளை வைத்து, இருண்ட சக்தி மாறுகிறது போலத் தெரிகிறது என்று எழுதினார்கள். ஒரே கூரையின் கீழ் வாதியும் பிரதிவாதியும். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகள் நிற்கும் அயூகா முற்றத்துக்கு இது பொருத்தமான காட்சிதான்.

தன் பெயரிலேயே ஒரு சோதனை

இந்த வழக்கில் ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. 2005-ல் ஹர்விந்தர் ஜஸ்ஸல், ஜஸ்ஜீத் பாக்லா, பத்மநாபன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருண்ட சக்தி மாறுவதாக வைத்துக்கொண்டால், அந்த மாற்றத்தைத் தரவோடு எப்படி ஒப்பிட்டுச் சோதிப்பது என்பதற்கு அதில் ஒரு எளிய சூத்திரம் இருந்தது. மூவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜே.பி.பி. சூத்திரம் என்று உலகம் அதை அழைக்கிறது.

டெசி முடிவுகள் வந்த பிறகு, இருண்ட சக்தி மாறுகிறதா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்திய சூத்திரங்களில் அதுவும் ஒன்று. ஒரே ஒரு சூத்திரத்தை நம்பி முடிவெடுத்தால் ஏமாறலாம் என்பதால் பலவற்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். மாறிலியை நம்பியவர், அது பொய்யென்றால் பிடிப்பதற்கான பொறியையும் தானே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வானத்து வரைபடத்தில் இந்தியர்கள் வேறு இடங்களிலும் கை வைத்திருக்கிறார்கள். 2017-ல் ஸ்லோன் தரவை ஆராய்ந்த புனே விஞ்ஞானிகள், சுமார் 400 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் பிரமாண்டமான காலக்ஸிப் பெருங்கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து 'சரஸ்வதி' என்று பெயர் வைத்தார்கள். அதன் குறுக்களவு 60 கோடி ஒளி ஆண்டு. ஒலி வளையத்தின் ஆரத்தையே மிஞ்சும் நீளம். புனே மாவட்டத்தில் நாராயண்காவ் பக்கம், கோடாட் கிராமத்தருகே நிற்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் 30 கிண்ணங்கள், காலக்ஸிகளில் நட்சத்திரம் பிறக்க எரிபொருளான ஹைட்ரஜனைத் தேடுகின்றன. 2020-ல் அதைக் கொண்டு 7,653 காலக்ஸிகளின் மங்கலான சமிக்ஞைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹைட்ரஜனை அளந்தார்கள். காலக்ஸிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், ஹைட்ரஜனின் மொத்த ஒளிர்வை வைத்தே பிரபஞ்சத்தை வரையும் முறையும் வளர்ந்துவருகிறது. ஹம்சா பத்மநாபன் ஈடுபட்டிருப்பது அந்தத் துறையில்.

யாருக்கு என்ன?

இருண்ட சக்தி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? அரிசி விலை குறையப் போவதில்லை. ஆனால் பிரபஞ்சத்தின் கடைசி அத்தியாயம் அதில்தான் இருக்கிறது. மாறாததென்றால் விரிவு என்றென்றும் துரிதமாகும். தூரத்துக் காலக்ஸிகள் ஒவ்வொன்றாகப் பார்வைக்கு அப்பால் போய்விடும். மிகத் தொலைவான எதிர்காலத்தில் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தால், நம் காலக்ஸியும் அதோடு ஈர்ப்பால் கட்டுண்ட சிலவும்தான் தெரியும். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு வானத்தில் சாட்சியே மிஞ்சாது. வலு குறைந்துகொண்டே போகுமென்றால் கதை வேறு திசையில் போகக்கூடும். எந்தத் திசை என்பதைச் சொல்ல இன்றைய தரவு போதாது.

தரவு வந்துகொண்டிருக்கிறது. டெசி தொடர்கிறது. ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம் 2023 ஜூலையில் கிளம்பியது. சிலி நாட்டு மலையில் ரூபின் தொலைநோக்கி 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பொங்காலை நாளில் ஒரு தெருவின் அடுப்புகளை எண்ணியவர்கள் இப்போது நகரத்தையே எண்ணப் போகிறார்கள்.

திருவனந்தபுரத்துக்கு வானத்தை அளப்பது புதிதல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-லேயே, இங்கே ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தது. இங்குள்ள தமிழர்களுக்குப் புகழ் தேடித் தந்தவர்களில் இன்னொரு பத்மநாபனும் உண்டு. 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் இந்த நகரத்தை எழுதிய நீல பத்மநாபன். 2007-ல் ஒரு பத்மநாபனுக்குச் சாகித்திய அகாதமி விருது, இன்னொருவருக்குப் பத்மஸ்ரீ. ஒருவர் தெருவை எழுதினார். மற்றவர் தெருவிலிருந்து அண்டத்துக்குப் போனார்.

போனவர் திரும்பிப் பார்க்கவும் மறக்கவில்லை. 1980-களில் இயற்பியலின் கதையைச் சித்திரக் கதையாக எழுதினார், மாணவர்களுக்காக. அது பல இந்திய மொழிகளுக்குப் போனது. 2019-ல் மனைவி வசந்தியோடு சேர்ந்து அறிவியலின் உதயத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் கேரளத்துப் பழைய கணித மேதைகளுக்கும் இடம் உண்டு. அவரிடம் பயின்ற எல். ஸ்ரீராம்குமார் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். ராய் சௌத்ரி புனேயில், பாக்லா மொஹாலியில். அவர் மாணவர்கள் நாடெங்கும் வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் தீர்ப்பு வரலாம். சிக்மா 5-ஐத் தாண்டினால், 4 பை கணக்கு அழகான தவறுகளின் பட்டியலில் சேரும். தாண்டாமல் கரைந்தால், 12.57-ஐ இன்னொரு முறை எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும். தரவு சொல்வதற்கு மேல் சொல்லாதே என்று 2003-ல் எழுதியவருக்கு, இரண்டில் எது வந்தாலும் மனத்தாங்கல் இருந்திருக்காது.

கரமனைப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான் அது. கணக்கு சரியா என்று சொல்லும் உரிமை போட்டவருக்குக் கிடையாது. விடைத்தாள் இப்போது வானத்தில் திருத்தப்படுகிறது.